மரகதம் இல்லை என்று சொன்ன பிறகு



பள்ளிகளில் பாரம்பரியக் கண்காட்சி நடைபெறும் காலம் நெருங்கும் போதெல்லாம் ஒரு கண்ணாடிச் சாடி என் நினைவில் வந்து நிற்கும். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப் போட்டிருக்கிறேன். என் தவற்றை நானே எழுத வேண்டியிருந்ததுதான் காரணம். இப்போதாவது எழுதிவிடுகிறேன். என் அனுபவம் வேறோர் ஆசிரியரைத் தடுத்து நிறுத்தினால் அதுவே போதும்.

2018ஆம் ஆண்டு. எங்கள் பள்ளியில் 'வீட்டுக்கொரு பழம்பொருள்' என்ற தலைப்பில் கண்காட்சி ஏற்பாடு செய்திருந்தோம். குத்துவிளக்கு, அம்மி, வெற்றிலைப் பெட்டி, பால்மரம் வெட்டும் உளி, பழைய ஆறு கட்டை வானொலி என்று மாணவர்கள் ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு துண்டில் சுற்றிக் கொண்டு வந்தது வித்தியாசமாக இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிச் சாடி. வெளிப்புறம் முழுதும் பட்டை தீட்டியிருந்தது. கழுத்தில் வெள்ளிப் பட்டை. அதில் கீல் வைத்துப் பொருத்திய வெள்ளி மூடி. மூடியின் நடுவில் குமிழ் போலப் பச்சைக் கல் ஒன்று.

"டீச்சர், இது மரகதம். எங்கப் பாட்டியோட அம்மா தோட்டத்துப் பங்களாவுல ஆயாவா இருந்தாங்க. துரை குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போறப்ப, அம்மா குடுத்துட்டுப் போனாங்களாம்" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை இன்றும் மறக்க முடியவில்லை.

நான் சாடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கல்லில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாக அலை அலையாய் வரிகள் ஓடின. மரகதத்தில் அப்படி வரிகள் இருக்கா. சுற்றிலும் மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், சில பெற்றோர்கள். அத்தனை பேர் முன்னிலையில், "இது மரகதம் இல்லைம்மா. மாலகைட் என்று ஒரு சாதாரணக் கல். சாடியும் வெறும் கண்ணாடிதான்" என்று சொல்லிவிட்டேன். சரியான செய்தியைச் சொன்ன திருப்தியோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே அந்தப் பச்சைக் கல் மட்டும் இருந்தது. வெள்ளியை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கடைக்காரர் மூடியையும் கழுத்துப் பட்டையையும் நெம்பி எடுத்து நிறுத்துவிட்டு, கல்லைத் திருப்பிக் கொடுத்தாராம். கிடைத்த தொகை நிலுவையில் இருந்த மின்கட்டணத்துக்குச் சரியாக இருந்ததாம். நெம்பியதில் கண்ணாடியின் வாய் சற்று உடைந்துவிட்டது. "நீங்கதான் வெறும் கண்ணாடின்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டில் வருமானம் நின்றுபோன நேரம் அது. தம் பொருளைத் தாம் விற்பது அவர்கள் உரிமை. ஆனால் நான்கு தலைமுறை பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை, 'இது ஒன்றுமில்லை' என்ற எண்ணத்தோடு அவர்கள் விற்றார்கள். அந்த எண்ணத்தைக் கொடுத்தவள் நான்.

நான் பொய் சொல்லவில்லை. அது மரகதம் இல்லை, சாடி கண்ணாடிதான். ஆனால் ஒரு பொருள் எது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அது எது என்பதைச் சொல்லாமல் விட்டேன். பாதி உண்மையைச் சொல்லிப் பாதியில் நிறுத்தியதே என் பிழை. இது கண்காட்சிக்கு மட்டும் பொருந்தும் செய்தி அன்று. 'இது கட்டுரை இல்லை', 'இது சரியான விடை இல்லை', 'உனக்கு ஓவியம் வராது' என்று எத்தனை 'இல்லை'களை நாம் நாள்தோறும் வகுப்பில் சொல்கிறோம்! அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிறோமா?

உலகம் ஏமாந்த கதைகள்

அந்தப் பொட்டலத்தை வாங்கிய பிறகுதான் இவ்வகைச் சாடிகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கிடைத்த செய்தியே என்னைத் தலைகுனிய வைத்தது.

இத்தாலியின் ஜெனோவா நகரப் பேராலயத்தில் பச்சை நிறத்தில் அறுகோணத் தட்டு ஒன்று இருக்கிறது. 1101இல் சிசேரியா நகரைப் பிடித்த ஜெனோவா வீரர்கள் அதைக் கொண்டு வந்தார்கள் என்பது மரபு. ஒரே மரகதத்தில் குடைந்தது என்று பல நூற்றாண்டுகள் அந்நகர மக்கள் நம்பினார்கள். ஏசுநாதர் தம் சீடர்களோடு உண்ட கடைசி விருந்தில் பயன்பட்ட பாத்திரம் என்றும் போற்றினார்கள். 1806இல் நெப்போலியனின் ஆட்சியில் அது பாரிசுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அங்கே அது கண்ணாடி என்று தெரிய வந்தது. 1816இல் திருப்பி அனுப்பும் வழியில் உடைந்தும் போனது. ஒரு துண்டு காணாமலும் போயிற்று.

இப்போது ஜெனோவா மக்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மரகதம் இல்லை, வெறும் கண்ணாடி, அதுவும் உடைந்த கண்ணாடி என்று தூக்கி எறியவில்லை. துண்டுகளைச் சேர்த்து ஒட்டினார்கள். பின்னாளில் மீண்டும் மீண்டும் சீர்செய்தார்கள். இன்றும் அதைப் பேராலயக் கருவூல அருங்காட்சியகத்தில், குறைந்த துண்டின் இடம் வெறுமையாகத் தெரியும்படியே வைத்திருக்கிறார்கள். மரகதம் என்ற பெயர் போன பிறகும் அவர்கள் காப்பதற்குக் காரணம் எஞ்சியிருந்தது. அந்தத் தட்டின் மேல் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு மனிதர்களின் கைகள் பட்டிருக்கின்றன.

வெனிஸ் நகரத்துப் புனித மார்க் பேராலயக் கருவூலத்தில் இன்னொரு கிண்ணம் உள்ளது. நீலப்பச்சை நிறம், சுற்றிலும் ஓடும் முயல்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இதையும் நெடுங்காலம் டர்க்காய்ஸ் என்னும் விலையுயர்ந்த நீலப்பச்சைக் கல் என்றே நம்பினார்கள். அடியில் அரபு எழுத்தில் 'குராசான்' என்று பொறித்திருப்பது அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. டர்க்காய்ஸ் கல்லுக்குப் பெயர் பெற்ற நிசாப்பூர் குராசான் நாட்டு நகரம் அல்லவா? உண்மையில் அது கண்ணாடி. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இசுலாமிய நாட்டுக் கைவினைஞர் ஒருவர் செதுக்கிய கண்ணாடி. அதற்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் பூண் கட்டி, வண்ண மினாவும் மணிகளும் பதித்தவர்கள் கிறித்துவ நாட்டுக் கைவினைஞர்கள். பாத்திரம் ஒரு சமயத்தாருடையது. பூண் இன்னொரு சமயத்தாருடையது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கின்றன.

மன்னர்களும் ஆயர்களும் கல்லையும் கண்ணாடியையும் பிரித்தறியாமல் இருந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பாட்டி ஒருவர் மாலகைட்டை மரகதம் என்று நம்பியதில் என்ன குறை? நம்பியவரைத் தலைகுனிய வைக்காமலே அதன் உண்மையை விளக்கியிருக்கலாம். எனக்கு அந்தப் பக்குவம் அன்று இல்லை.

பூண் பேசும்

பூண் என்பது நமக்குப் புதிய சொல் இல்லை. உலக்கைக்கு இரும்புப் பூண் உண்டு. பெரியவர்களின் கைத்தடிக்கு வெள்ளிப் பூண் உண்டு. தேயும் இடத்தையும் பிளக்கும் இடத்தையும் காப்பது பூணின் முதல் வேலை. அழகு செய்வது இரண்டாம் வேலை. அணிவதைக் குறிக்கும் 'பூணுதல்' என்ற வினையும் இதே குடும்பம்தானே. கண்ணாடிச் சாடியில் எளிதில் சிதறும் இடம் அதன் வாய். அந்த வாய்க்குத்தான் வெள்ளிப் பட்டை கட்டினார்கள். பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் சுண்ணச்சாந்து போன்ற வெண்ணிறப் பொருளை இட்டு இறுக்கினார்கள். அந்த மாணவி பின்னர் காட்டிய சாடியின் கழுத்தில் அந்த வெண்சாந்து வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பூணுக்கு மூன்றாவது வேலையும் உண்டு. அது பேசும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பளிங்குக் குவளை ஒன்று இருக்கிறது. தேன்கூட்டைப் போலச் செதுக்கிய அதன் உடல் கீழைநாட்டு வேலை. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புனித தெனி மடத்துத் தலைவராக இருந்த சுசே என்பவர் அதற்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் கழுத்தும் பாதமும் கட்டி, மணிகளும் முத்துகளும் பதித்தார். அத்தோடு, பாதத்தில் இலத்தீன் மொழியில் ஒரு வாசகத்தையும் பொறித்தார். மித்தாதோலுஸ் என்பவர் எலியனோர் அரசியின் பாட்டனாருக்கு இக்குவளையைக் கொடுத்தார். எலியனோர் மணப்பெண்ணாக வந்தபோது லூயி மன்னருக்குக் கொடுத்தார். மன்னர் எனக்குக் கொடுத்தார். நான் புனிதர்களுக்குக் கொடுக்கிறேன் என்பது அதன் செய்தி. மித்தாதோலுஸ் என்பவர் ஸ்பெயின் நாட்டில் ஆண்ட ஒரு முசுலிம் மன்னர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குவளையின் விலை எவ்வளவு என்று சுசே பொறிக்கவில்லை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைத்தான் பொறித்தார். ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவி என்னிடம் முதல் வாக்கியத்தில் சொன்னதும் அதுதான்: பங்களாவில் இருந்த அம்மா கொடுத்தார், கொள்ளுப்பாட்டி வாங்கினார். நான் அதைக் காதில் வாங்காமல் கல்லைப் பார்த்தேன்.

எங்கள் கண்காட்சிச் சாடியின் பூணும் பேசியிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. கண்காட்சியன்று எடுத்த படம் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது மூடியின் விளிம்பில் பொடிப்பொடியாகச் சில முத்திரைகள் தெரிந்தன. நடந்து செல்லும் சிங்கம் ஒன்று, நங்கூரம் ஒன்று, தேய்ந்துபோன எழுத்து ஒன்று. நம் வீட்டுப் பெண்கள் தங்கம் வாங்கும்போது 916 என்ற எண்ணைத் தேடுவார்கள் அல்லவா? இங்கிலாந்து வெள்ளியில் அந்த வேலையை அந்தச் சிங்கம் செய்கிறது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது சான்று. நங்கூரம் பர்மிங்காம் நகரச் சோதனைச் சாலையின் அடையாளம். 1773இல் தொடங்கிய சாலை அது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். பர்மிங்காம், செபீல்டு ஆகிய இரண்டு நகரங்களுக்கும் சோதனைச் சாலை கேட்டு இலண்டனுக்குச் சென்றவர்கள் 'மகுடமும் நங்கூரமும்' என்ற பெயர் கொண்ட விடுதியில் கூடினார்களாம். மகுடத்தை ஒரு நகரமும் நங்கூரத்தை ஒரு நகரமும் எடுத்துக்கொண்டனவாம். தேய்ந்திருந்த எழுத்து, எந்த ஆண்டில் சோதித்தார்கள் என்பதைச் சொல்வது. ஆண்டுக்கோர் எழுத்து என்ற முறை இலண்டனில் 1478இலேயே தொடங்கிவிட்டது.

சோதித்த ஊர், வெள்ளியின் தரம், ஆண்டு இம்மூன்றையும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் வகுப்பு முழுவதும் கூடிப் படித்திருக்கலாம். அறிவியல் அறையில் எட்டு உருப்பெருக்கிகள் இருந்தன. ஒன்றையும் நான் எடுத்து வரவில்லை. அந்த எழுத்துகள் உருக்கும் உலைக்குப் போய்விட்டன.

'வெறும்' கண்ணாடி, 'சாதாரண'க் கல்

நான் பயன்படுத்திய இந்த இரண்டு அடைமொழிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைக்கர்கஸ் கிண்ணம் என்ற உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கும் பிற்காலத்தில் உலோகப் பூண் கட்டியிருக்கிறார்கள். முன்னாலிருந்து ஒளி பட்டால் பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பாக மாறும். ஏன் அப்படி என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் வெள்ளியும் பொன்னும் ஏறக்குறைய 70 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகக் கலந்திருக்கின்றன என்பதை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று மாணவர்களிடம் சொல்லலாம். மணலையும் சாம்பல் உப்பையும் சுண்ணத்தையும் உருக்கினால் கண்ணாடி. அதிலே இத்தனை வித்தை இருக்கும்போது 'வெறும்' என்ற சொல் எங்கே பொருந்தும்?

மாலகைட் செம்பிலிருந்து பிறக்கும் கனிமம். செம்புப் பாத்திரத்தில் களிம்பேறினால் தோன்றும் பச்சைக்கு உறவு. நிலத்தடி நீரில் கரைந்த செம்பு அடுக்கடுக்காகப் படிவதால்தான் அந்த அலைவரிகள் உண்டாகின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு காலப் படிவு. ரஷ்ய நாட்டின் உரால் மலைப்பகுதியில் இது பெருமளவில் கிடைத்தது. பீட்டர்ஸ்பர்க் நகரின் குளிர்கால அரண்மனை 1837இல் தீப்பற்றி எரிந்த பிறகு, இக்கல்லால் தூண்களும் கணப்படுப்பும் அமைத்து ஓர் அறையையே கட்டினார்கள். கல்லை மெல்லிய தகடுகளாக அறுத்து, வரியோடு வரி சேரும்படி ஒட்டி, இணைப்பே தெரியாமல் மெருகேற்றுவது ரஷ்யக் கைவினைஞர்களின் தனித்திறம். பேரரசர்கள் அறை கட்டிய கல்லை நான் 'சாதாரணம்' என்றேன்.

நம் மொழியிலும் இதற்கோர் அழகிய பாடம் இருக்கிறது. 'பளிங்கு' என்ற சொல் முதலில் ஒளி ஊடுருவும் படிகக்கல்லைக் குறித்தது. இன்று பளிங்குத் தரை என்றால் சலவைக்கல். 'வெள்ளி' என்றால் உலோகம், கிழமை, விண்மீன் போல் ஒளிரும் கோள் ஆகிய மூன்றும் உண்டு. மலேசியாவில் நமக்கு நான்காவது பொருளும் உண்டு. பணத்தையே வெள்ளி என்கிறோம். 'இது எத்தனை வெள்ளி?' என்று கேட்டுப் பழகிய நமக்கு, வெள்ளிப் பூணைக் கண்டாலும் முதலில் அந்தக் கேள்விதான் வருகிறது.

மறுப்புகள் மூன்று

இதை ஆசிரியர் நண்பர்களிடம் பேசியபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றும் நியாயமானவை.

முதலாவது: துரை வீட்டு அலங்கார மேசைச் சாடியைத் தமிழ்ப்பள்ளியில் ஏன் கொண்டாட வேண்டும்? நம் முன்னோர் லயத்தில் வாடியபோது பங்களாவில் வாசனைப் பொருள் வைத்திருந்த பாத்திரம் அல்லவா அது? உண்மைதான். நானும் கொண்டாடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாடியை நாள்தோறும் துடைத்து வைத்தது ஒரு தமிழ்ப் பெண்ணின் கை. லயத்துக்கும் பங்களாவுக்கும் இடையே இருந்த தொலைவைப் பாடநூலை விட அந்தச் சாடி தெளிவாகச் சொல்லும். கசப்பான வரலாற்றுக்கும் சாட்சி வேண்டாமா? சாட்சியை எடைக்குப் போட்டுவிட்டால் பின்னர் யாரைக் கேட்பது?

இரண்டாவது: வறுமையில் இருப்பவர்களுக்குப் பழம்பொருள் பற்றி உபதேசம் செய்வது எளிது, அவர்களுக்குப் பணம்தானே தேவை? இதையும் ஒப்புக்கொள்கிறேன். விற்கவே கூடாது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் முத்திரையைப் படித்தறிந்து, முழுச் சாடியாக, பழம்பொருள் வாங்குவோரிடம் காட்டியிருந்தால் அவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்திருக்கும். எடைக்குப் போடும்போது வேலைப்பாட்டுக்கு விலையில்லை, கண்ணாடிக்கு விலையில்லை, கல்லுக்கும் விலையில்லை. அறியாமல் விற்பவருக்குத்தான் நட்டம் அதிகம். ஏழைக்கு அந்த அறிவு இன்னும் கூடுதலாகத் தேவை.

மூன்றாவது: பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம்? இது நாம் எல்லாவற்றுக்கும் சொல்லும் மறுப்பு. ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வாக்கியம் பேசுவது கேட்டல், பேச்சுத் திறன்தானே? அதை எழுதினால் விளக்கக் கட்டுரை. பாட்டியிடம் கேட்டு வந்தால் நேர்காணல். முத்திரையைப் படித்தால் வரலாறு. கல்லைப் பார்த்தால் அறிவியல். தனியாக நேரம் கேட்காத பாடம் இது.

ஆசிரியர்களுக்கு

இப்போதெல்லாம் எங்கள் கண்காட்சியில் பொருளுக்கு அருகே ஓர் அட்டை வைக்கிறோம். முன்பு அதில் பெயர், வயது, விலை என்று மூன்று வரிகள் இருந்தன. விலையை எடுத்துவிட்டோம். இப்போது இருப்பவை இந்த நான்கு கேள்விகள்:

1. இது எதனால் ஆனது? எத்தனை பொருள்கள் இதில் சேர்ந்திருக்கின்றன?
2. இதில் எழுத்தோ முத்திரையோ உண்டா? உருப்பெருக்கியால் பார்த்து வரைக.
3. இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது? வரிசையாக எழுதுக.
4. இது எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது? ஏன்?

நான்காவது கேள்விதான் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கிறது. தேய்ந்த இடத்தில்தான் கை பட்டிருக்கும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு மாணவர் 'இது தங்கம்', 'இது வைரம்' என்று சொல்லும்போது அது தவறென்று தெரிந்தால் என்ன செய்வது? மறைக்க வேண்டாம், பொய்யும் வேண்டாம். 'உன் பாட்டி ஏன் அப்படி நினைத்தார், வா பார்ப்போம்' என்று தொடங்குங்கள். முடிக்கும்போது அந்தப் பொருளின் சரியான பெயர் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து வரட்டும். 'இல்லை' என்று ஒன்று சொன்னால் 'ஆம், இது இன்னது' என்று இரண்டாவது சொல்லாமல் நகராதீர்கள்.

பெற்றோர்களுக்கு

இவ்வகைச் சாடி, வாசனைக் குப்பி, பிஸ்கட் சாடி ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால் சில குறிப்புகள்.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் அன்று. காற்றில் உள்ள கந்தகக் கலவையினால். வாரந்தோறும் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரையும் வேலைப்பாடும் சேர்ந்தே தேயும். திருநீறு போட்டுத் துடைப்பது நம் வழக்கம்; ஆண்டுக்கு ஓரிரு முறை, மெல்லிய துணியால், முத்திரை இருக்கும் இடத்தைத் தவிர்த்துச் செய்யுங்கள். பற்பசை வேண்டவே வேண்டாம்.

வெள்ளிப் பொருளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வளையம் பட்ட இடத்தில் கருங்கோடு விழும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

பச்சைக் கல் பதித்திருந்தால் எலுமிச்சையும் புளியும் அருகிலும் வரக்கூடாது. மாலகைட் கார்பனேட்டு வகைக் கனிமம். புளிப்புப் பட்டால் நுரைத்துக் கரையும். கண்ணாடியை விட மென்மையான கல் அது. கத்திமுனை பட்டாலே கீறல் விழும்.

சாடியை நீரில் ஊறப் போடாதீர்கள். பூணுக்கு அடியில் உள்ள சாந்து இளகிவிடும். உப்பு வைக்கும் பாத்திரமாகவும் பயன்படுத்தாதீர்கள்; உப்பு வெள்ளியை அரிக்கும்.

முத்திரைக்குப் பதிலாக 'இ.பி.என்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்முறையில் வெள்ளிப் பூச்சு ஏற்றியது என்று பொருள். எடைக்கு விலை கிடைக்காது. ஆனால் அதுவும் 1840இல் பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற முறையில் பிறந்தது. அதற்கும் சொல்ல ஒரு கதை உண்டு.

விற்க வேண்டிய நிலை வந்தால், தயங்காமல் விற்கலாம். அதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். முத்திரையைத் தனியே படம் எடுங்கள். யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரித்து விற்காமல் முழுதாக விற்கப் பாருங்கள்.

அந்தக் கல்

பொட்டலத்தை அந்த மாணவி எனக்கே கொடுத்துவிடத்தான் கொண்டு வந்தாள். ஒன்றுமில்லாத கல்லை வீட்டில் என்ன செய்வது என்பது அவள் எண்ணம். சில நாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. படித்தவற்றையெல்லாம் எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதி, கண்காட்சிப் படத்தையும் அச்சிட்டு, கல்லோடு சேர்த்து ஒரு சிறு பெட்டியில் வைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். முதல் பக்கத்தின் தலைப்பில், பங்களாவின் அம்மா, கொள்ளுப்பாட்டி, பாட்டி, அம்மா, அவள் என்று வரிசையாகப் பெயர்களை எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தேன். வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "அன்று நான் சொன்னது போதவில்லை" என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். மாணவர்கள் சற்று வியப்போடு பார்த்தார்கள். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை போலும்.

அவள் இப்போது இடைநிலைப் பள்ளியையும் முடித்துவிட்டாள். சென்ற தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வாய் உடைந்த சாடி பூசையறையில் இருக்கிறது. அதில் சில்லறை போட்டு வைக்கிறார்கள். பெட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே எடுத்து வந்து காட்டினாள். தாளில் பெயர்கள் நிரம்பியிருந்தன. ஆனால் வெள்ளிப் பூண் போனது போனதுதான். எத்தனை பக்கம் எழுதினாலும் அது திரும்பாது. அந்தக் குறை என் கணக்கில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் இப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும். இந்த வாரம் அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். விலையைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் கண்டதை எனக்கும் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை